பித்தளை மாட்டுக்கும் சுழி உண்டு

ஒரு தலைமுறைக்கு முன்பு வரை வையம்பட்டி, மணப்பாறை வட்டாரத்தில் பித்தளை என்றால் பாத்திரம்தான். அண்டா, தவலை, குடம், சருவம், தாம்பாளம். கல்யாணத்தில் எத்தனை உருப்படி வந்து இறங்கியது என்பதில் பெண்ணின் பிறந்த வீட்டுக் கௌரவம் இருந்தது. மழை பொய்த்த வருஷத்தில் அடகுக்கடைக்கு முதலில் போனதும் அதே குடம்தான். ஈயம் பூசுகிறவர் வந்தால் தெருமுனையில் குழி தோண்டி, துருத்தி பொருத்தி, கரி மூட்டுவார். பாத்திரம் சூடேறியதும் நவச்சாரத்தைத் தூவுவார். வெள்ளைப் புகை குப்பென்று எழும். அந்த நொடியில் ஈயத்தைத் தொட்டுத் துணியால் உள்பக்கம் முழுக்க ஓடவிட, கறுத்துக் கிடந்த வயிறு வெள்ளை வெளேரென்று ஆகிவிடும். எவர்சில்வர் வந்த பிறகு அவர் வருவது நின்றது. பித்தளையும் எடைக்குப் போனது. விலங்கு உருவங்களுக்கு அந்த வீடுகளில் இடம் இருக்கவில்லை. குதிரையும் காளையும் ஊர் எல்லையில், அய்யனார் கோயிலில், சுட்ட மண்ணில் நின்றன. உலோகத்தில் உருவம் என்றால் அது கோயில் உற்சவர், ஐம்பொன். பாத்திரத்துக்குப் பித்தளை, விலங்குக்கு மண், சாமிக்கு ஐம்பொன் என்று பிரித்து வைத்திருந்த மனக்கணக்கில் பித்தளை விலங்குக்கு வரிசையே இல்லை. இன்று திருச்சி வீடுகளின் கண்ணாடி அலமாரியில் மெழுகு வார்ப்பில் செய்த பித்தளைக் காளையோ யானையோ நிற்கும்போது, ‘சும்மா அழகுக்கு’ என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவது இந்தப் பழைய கணக்கினால்தான். அந்தக் கணக்கு தவறு என்பது என் வாதம். நம் மண்ணில் உலோகத்தில் விலங்கு செய்வது சாமி சிலை செய்வதைவிட மூத்த வேலை. ஒரு வகையில் கடினமான வேலையும்கூட. அதை அறிந்து வாங்கினால்தான் அந்தத் தொழிலுக்கும் நன்மை, வாங்கும் வீட்டுக்கும் பொருள்.

முதலில் பொருளைக் கையில் எடுத்துப் பார்த்துவிடலாம். சத்தீஸ்கரின் பஸ்தர் பகுதியில், கொண்டகாவ்ன் பக்கத்துக் கட்வா வார்ப்புக்காரர்கள் டோக்ரா என்ற மெழுகு வார்ப்பு முறையில் செய்யும் காளை ஒன்றை எடுத்துக்கொள்வோம். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். தூக்கினால் எதிர்பார்த்ததைவிட இலேசாக இருக்கும், ஏனென்றால் உள்ளே பித்தளை கிடையாது, மண் கரு. உடம்பு முழுக்க மெல்லிய கோடுகள் நெருக்கமாக ஓடுகின்றன. கழுத்தில் குறுக்காக, விலாவில் நெடுக்காக, தொடையில் வட்டமாகச் சுருண்டு. இவை கீறிய கோடுகள் அல்ல. ஒவ்வொன்றும் ஒரு மெழுகு நூல். தேன்மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் கலந்து இளக்கி, துளையிட்ட அச்சில் இட்டு அழுத்தினால் நூல் நூலாக இறங்கும். மணப்பாறைக்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை, முறுக்கு உரல்தான் அது. அந்த நூலை மண் கருவின் மேல் ஒன்றையொன்று ஒட்டிச் சுற்றிக்கொண்டே வந்தால் மாட்டின் தோல் ஆகிறது. கண் ஒரு மெழுகு உருண்டை. கழுத்து மணி அதைவிடச் சிறிய உருண்டை. வயிற்றுக்கு அடியில் விரலால் தடவினால் அராவி மழுக்கிய ஒரு தழும்பு தட்டும். உலோகம் உள்ளே போன வாய் அது. அந்தத் தழும்பை மறைக்க மெனக்கெடாத உருப்படி பெரும்பாலும் நேர்மையான உருப்படி.

நூல் சுற்றி முடித்த பிறகு நடப்பதுதான் இந்தத் தொழிலின் உயிர். மெழுகின் மேல் முதலில் மிக நைசான மண்ணைக் குழைத்துப் பூசுகிறார்கள். நூலின் ஒவ்வொரு இடுக்கிலும் அது இறங்க வேண்டும். பிறகு கரையான் புற்று மண், உமி கலந்த முரட்டு மண் என்று அடுக்கடுக்காக ஏற்றி, காய வைத்து, நெருப்பில் இடுகிறார்கள். மெழுகு உருகி வெளியேறிவிடும். கருவுக்கும் கூட்டுக்கும் நடுவே மெழுகு இருந்த இடம் அப்படியே வெற்றிடமாக நிற்கும். அந்த வெற்றிடத்தைப் பித்தளை நிரப்புகிறது. கிழக்கிந்திய வார்ப்புக்காரர்களிடம் ஒரு நுட்பமான வழக்கம் உண்டு: பித்தளைத் துண்டுகளைத் தனிக் கிண்ணத்தில் உருக்காமல், அச்சோடு சேர்த்து ஒட்டிய மண் குப்பிக்குள்ளேயே அடைத்து மூடிவிடுகிறார்கள். குப்பி கீழே இருக்கும்படி உலையில் வைத்து, உருகியதென்று நெருப்பின் நிறத்தைக் கண்டு தீர்மானித்ததும், முழுவதையும் தலைகீழாகக் கவிழ்க்கிறார்கள். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். அது உருகும் 900 முதல் 950 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலேயே துத்தநாகம் கொதித்து ஆவியாகவும் தொடங்கிவிடும். மூடிய குப்பிக்குள் அந்த ஆவி வெளியேற வழி குறைவு. வேதியியல் பாடம் படிக்காத கைகள் பல தலைமுறைப் பழக்கத்தில் எட்டிய தீர்வு இது. கடைசியில் மண் கூட்டை உடைத்துத்தான் மாட்டை எடுக்க முடியும். கவிழ்த்த நேரம் தப்பினால், மண்ணில் ஈரம் நின்றால், மூக்கோ கொம்போ நிரம்பாமல் போனால், அத்தனை வேலையும் வீண்; மறுபடி கருவிலிருந்து தொடங்க வேண்டும்.

இனி மூப்பு பற்றிய சான்றுகள். மொகஞ்சதாரோவில் 1926-இல் கிடைத்த, சுமார் பத்தரை சென்டிமீட்டர் உயரமுள்ள ‘நடன மங்கை’யை மெழுகு வார்ப்புக்கு எடுத்துக்காட்டாக எல்லோரும் சொல்வார்கள், அதே நகரத்தில் ஒரு வெண்கல எருமையும் கிடைத்தது என்பதை யாரும் சொல்வதில்லை. மகாராஷ்டிரத்தின் தைமாபாத்தில் 1974-இல் புதையலாக வெளிப்பட்ட நான்கு கனத்த வெண்கல வார்ப்புகளில் மூன்று யானை, காண்டாமிருகம், எருமை. நான்காவது மாடு பூட்டிய தேர். நான்கும் சேர்ந்து அறுபது கிலோவுக்கு மேல். தமிழ்நாட்டுக்கு வந்தால், தாமிரபரணிக் கரையின் ஆதிச்சநல்லூர். 1876-இல் ஜெர்மானியரான யாகோர் தொட்டு வைத்த இடத்தை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலெக்ஸாண்டர் ரீ விரிவாகத் தோண்டினார். தாழிகளோடு கிடைத்த வெண்கலப் பாத்திரங்களின் அடியிலும் மூடியிலும் அகன்ற கொம்புள்ள எருமை, ஆடு, மான், சேவல், புலி என்று ஒரு கூட்டமே நின்றது. கொங்கு நாட்டில், நொய்யல் கரையில் உள்ள கொடுமணலில் கற்கள் பதித்த வெண்கலப் புலி அகப்பட்டது. சோழர் உற்சவர்கள் வார்க்கப்படுவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் முற்பட்டவை இவை. தமிழன் உலோகத்தை உருக்கி உருவம் செய்யத் தொடங்கிய காலத்திலேயே அவன் கைக்கு முதலில் வந்தது கூடவே வாழ்ந்த எருமையும் ஆடும் சேவலும் என்று சொல்வதற்கு இதைவிட என்ன வேண்டும்?

இரண்டு மறுப்புகள் வரும். ஆதிச்சநல்லூரில் ஒரு சிறிய பெண் உருவமும் கிடைத்தது, அதைத் தாய்த்தெய்வம் என்கிறார்களே என்பது ஒன்று. உண்மைதான். தெய்வமே இல்லாத தொழில் அது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அங்கே எண்ணிக்கையிலும் வகையிலும் மேலோங்கி நிற்பவை விலங்குகள். மற்றொன்று, இவை ஈமப் பொருள்கள், வீட்டு அலங்காரம் ஆகா என்பது. கிடைத்த இடம் ஈமக்காடுதான். ஆனால் இறந்தவரோடு புதைத்தது வாழ்வில் மதித்த பொருளைத்தானே. பாத்திரத்தின் மூடிக்குப் பிடி வேண்டுமென்றால் ஒரு குமிழ் போதும். அந்த இடத்தில் ஒருவர் சேவலை நிறுத்தினார், அடிப்பாகத்தைச் சுற்றி எருமைகளை நிறுத்தினார். பயனுக்கு மேல் ஒரு விலங்கைச் சேர்க்க வேண்டும் என்ற ஆசை அது. அலமாரிப் பொருளை ‘எதற்கும் உதவாதது’ என்று ஒதுக்குகிறவர்கள் இந்த ஆசையின் வயதைக் கணக்கில் எடுப்பதில்லை. மேற்கு ஆப்பிரிக்காவில், இன்றைய கானாவின் அகான் மக்கள் பொன் துகளை நிறுக்கப் பயன்படுத்திய எடைக்கற்களும் மெழுகு வார்ப்புப் பித்தளைதான். முதலை, மீன், பறவை என்று விரல் நீள உருவங்கள். நிறுப்பதற்கு ஒரு கட்டி பித்தளை போதுமே. அங்கேயும் யாருக்கோ முதலை தேவைப்பட்டிருக்கிறது.

அப்படியானால் விலங்கு ஏன் கீழிறங்கியது? தஞ்சாவூர் கலைக்கூடத்தில் இருக்கும் திருவெண்காட்டு ரிஷபவாகன தேவரைப் பார்த்தால் விடை தெரியும். 1011-ஆம் ஆண்டைச் சேர்ந்த சோழர் செப்புத்திருமேனி. பாம்புகள் பின்னிய சடையைத் தலைப்பாகையாகச் சுற்றிய சிவன் ஒரு கையை இடுப்பில் வைத்து, மற்றக் கையைக் காளையின் மேல் சாய்த்து நிற்கிறார். காளை இல்லை. கை காற்றில் நிற்கிறது. உலகம் கொண்டாடும் அந்தச் சிலைக்கு முன்னால் நிற்கிறவர்களில் எத்தனை பேர் ‘மாடு எங்கே?’ என்று கேட்டிருப்பார்கள்? கோயில் மரபில் விலங்கு வாகனமாகிவிட்டது. சாமியைத் தாங்குவது அதன் வேலை. சாமிக்கு அளவு உண்டு. சுவாமிமலை ஸ்தபதி தென்னை ஓலையைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்து முகம், கழுத்து, மார்பு, நாபி என்று தாலமானம் என்ற அளவுமுறைப்படி கூறுபோட்டுக்கொண்டு மெழுகைத் தொடுகிறார். கை எப்படி, கண் எப்படி, ஆயுதம் எது என்பதைத் தியான சுலோகம் சொல்லிவிடும். இது குறையில்லை, அந்தக் கட்டுப்பாட்டுக்குள்தான் சோழர் கலை அத்தனை உயரம் போனது. ஆனால் தனியாக நிற்கும் ஒரு மாட்டுக்கு அப்படிப்பட்ட ஓலை எதுவும் கைகொடுக்காது. எழுந்திருக்கும்போது மாடு முதலில் பின்காலை ஊன்றுகிறது, திமில் நடக்கையில் எந்தப் பக்கம் சாய்கிறது, மிரண்ட காளையின் வால் எப்படி நிற்கிறது என்பதை எந்தச் சுலோகமும் சொல்லாது. பார்த்தவனுக்குத்தான் தெரியும். விலங்கு செய்வது ஒரு வகையில் கடினம் என்று நான் சொன்னது இதனால்தான்.

அடுத்த மறுப்பு இன்னும் கூர்மையானது. ‘அச்சை உடைத்து எடுப்பதால் ஒன்றைப்போல் ஒன்று இராது’ என்று கடைக்காரர்கள் சொல்வது முழு உண்மையா? இல்லை. மெழுகு வார்ப்பு என்ற முறைக்குத் தனியாகப் புனிதம் எதுவும் கிடையாது. ஜெட் இயந்திரத்தின் டர்பைன் இலைகளும் மெழுகு உருக்கி வார்ப்பவைதான். நகைத்தொழிலில் ஒரே மோதிரத்தை நூற்றுக்கணக்கில் எடுப்பதும் மெழுகால்தான். ரப்பர் அச்சில் மெழுகை ஊற்றி ஒரே யானையை ஐம்பது முறை எடுத்து, ஐம்பதையும் மண் பூசி வார்த்து, ஐம்பது கூட்டையும் உடைத்து, ‘ஒவ்வொன்றும் தனித்தனி அச்சு’ என்று பொய் இல்லாமலே சொல்லிவிடலாம். ஆகவே வாங்குகிறவர் கேட்க வேண்டிய கேள்வி, மெழுகைக் கையால் யார் உருவாக்கினார் என்பதுதான். டோக்ரா வேலையில் இதற்கான சாட்சி உருப்படியின் மேலேயே இருக்கிறது. நூல் சுற்றிய மாட்டின் இடது விலாவும் வலது விலாவும் ஒத்திராது. ஓரிடத்தில் நூல் தீர்ந்து புதிய நூல் ஒட்டிய கணு தெரியும். நெற்றியில் சுருட்டிய மெழுகு ஒன்றில் இடஞ்சுழியாகவும் இன்னொன்றில் வலஞ்சுழியாகவும் விழுந்திருக்கும். இரண்டு மாடுகளைப் பக்கத்தில் வைத்துச் சுழி ஒத்துப்போகிறதா என்று பார்த்தால் போதும். ஒத்துப்போனால் அது அச்சு மாடு.

தனித்தன்மை பற்றி இவ்வளவு பேசுவது வெறும் இரசனைக்காக அல்ல. திருச்சிக்காரர்களுக்கு இதில் நேரடிப் பாடம் ஒன்று உண்டு. செயற்கை வைரக்கல் பட்டை தீட்டும் தொழில் திருச்சியைச் சுற்றிய கிராமங்களில் வீட்டுக்கு வீடு நடந்தது; திண்ணையில் சக்கரம் சுழன்றுகொண்டே இருக்கும். கண்ணும் விரலும் கூடி, கடுகளவு கல்லில் பட்டைகளை ஒழுங்காக இறக்கிய அந்தத் திறமையில் குறைசொல்ல எதுவுமில்லை. ஆனால் அந்தத் தொழிலின் இலட்சியம் எல்லாக் கல்லும் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்பது. ஒன்றுபோல் செய்வதில் இயந்திரத்தை மனிதன் வெல்ல முடியாது. இயந்திரத்தில் தீட்டிய இறக்குமதிக் கற்கள் வந்ததும் சக்கரங்கள் நின்றன. மெழுகு நூல் வேலையின் நிலைமை வேறு. அங்கே வேறுபாடுதான் சரக்கு. அளவெடுத்து, மழுமழுவென்று, குறையே இல்லாமல் வரும் வார்ப்பை மொராதாபாத் பட்டறைகள் மணல் அச்சில் மலிவாகத் தந்துவிடும். அந்தப் போட்டியில் கொண்டகாவ்ன்காரரை இறக்கினால் அவர் தோற்பார். நாம் பளபளப்பையும் சமச்சீரையும் கேட்கக் கேட்க, அவரைத் தோற்கும் களத்துக்கே தள்ளுகிறோம்.

‘இதெல்லாம் வடக்கத்திச் சரக்கு, நமக்கென்ன?’ என்றொரு குரலும் உண்டு. பஸ்தர், வங்கத்தின் பிக்னா, தெலங்கானாவின் ஆதிலாபாத் என்று அதன் ஊர்கள் தொலைவில் இருப்பது உண்மை. ஆனால் மெழுகு, குங்கிலியம், மண், உலை என்ற வரிசை அங்கும் சுவாமிமலையிலும் ஒன்றே. காவிரியின் வண்டல் மண் நைசாகப் படிவதால்தான் ஸ்தபதிகளுக்கு அந்த ஊர் பொருந்தியது. வேறுபாடு, அங்கே மண் கருவின் மேல் மெழுகு நூல் சுற்றிப் பொள்ளலாக வார்க்கிறார்கள், இங்கே பெரும்பாலும் முழு மெழுகில் கனமாக வார்க்கிறார்கள் என்பதுதான். மெழுகு எடைக்கு ஏறத்தாழ ஒன்பது மடங்கு பித்தளை பிடிக்கும். நூறு கிராம் மெழுகு மாடு ஒரு கிலோவை நெருங்கும். பஸ்தர்காரர் கருவை மண்ணில் வைத்ததற்கு உலோகச் சிக்கனம் ஒரு வலுவான காரணம். அவர்கள் உருக்குவது பெரும்பாலும் பழைய பித்தளை. நம் வீடுகளில் எடைக்குப் போட்ட தவலையும் குடமும் கலந்த அதே பழைய உலோகச் சந்தையிலிருந்துதான் நாட்டின் வார்ப்புப் பட்டறைகள் வாங்குகின்றன. உலோகத்துக்கு ஊர் கிடையாது.

ஊர் கேட்க வேண்டியது விலங்கில். எங்கும் ஒரே யானை, ஒரே குதிரை, ஒரே மான் அலமாரியில் நிற்பதற்கு வார்ப்புக்காரர் காரணமில்லை. வாங்குகிறவர் வேறொன்றைக் கேட்பதில்லை. இந்த வட்டாரத்தில் கேட்க எத்தனையோ இருக்கிறது. காங்கேயம் காளையின் பின்னோக்கி வளைந்த கொம்பும், உம்பளச்சேரியின் நெற்றிப் பொட்டும், புலிக்குளத்தின் குறுகித் திரண்ட உடலும் வேறு வேறு. வீரப்பூர் வேடபரித் திருவிழாவில் பொன்னர் சங்கர் கதையோடு வரும் குதிரையும், அந்தக் கதையின் கொம்பன் பன்றியும் அய்யனார் கோயில் குதிரையிலிருந்து வேறு. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பைத் தேவாங்குக்கென்று 2022-இல் கடவூர்ச் சரணாலயமாக அறிவித்தார்கள். வையம்பட்டிக்குப் பக்கத்து மலை அது. இரவெல்லாம் கிளையைப் பற்றி மெல்ல நகரும் அந்தப் பெருங்கண் விலங்கை மெழுகில் உருட்ட ஒரு ஸ்தபதிக்கு எந்தத் தாலமானமும் தடை சொல்லாது.

விலை அதிகம் என்பது கடைசி மறுப்பு. எடைக்கு விலை கேட்டால் அதிகம்தான்; பித்தளை எடையில் வாங்கிப் பழகிய நமக்கு அந்தக் கேள்வி இயல்பும்கூட. ஆனால் இதே ஊர்க்காரர்கள் மாட்டை எடைக்கு வாங்குவதில்லை. மணப்பாறைச் சந்தையில் பல் எத்தனை போட்டிருக்கிறது என்று வாயைத் திறந்து பார்க்கிறோம். திமிலைத் தட்டி, அலைதாடியை இழுத்து, கோபுரச் சுழியா பாடைச் சுழியா என்று முடியைக் கோதிப் பார்த்து, நாலடி நடக்கவிட்டு, அப்புறம்தான் துண்டுக்கு அடியில் தரகரின் விரலைப் பிடிக்கிறோம். ஒரு மாடு சரியாக இருக்கிறதா என்று சொல்ல இவ்வளவு பயின்ற கண்கள் எந்தக் கலைக்கல்லூரியிலும் கிடையாது. அந்தக் கண்ணைக் கடை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போவதுதான் தவறு. கால் ஊன்றியது சரியா, கொம்பு எந்த ஊர்க் கொம்பு, மெழுகைச் சுற்றியவர் எந்த ஊர்க்காரர், இரண்டாவது மாட்டின் சுழி ஏன் இதைப்போலவே இருக்கிறது என்று கேட்கலாம். கடைக்காரரிடம் பதில் இருந்தால் சொன்ன விலையைக் கொடுக்கலாம். இல்லையென்றால் எடைக்கே விலை பேசலாம்.